ஒரு சக்கரம் குறைவு

எங்கள் வீட்டுப் பால்காரிக்குக் காசு கேட்கத் தெரியும். மலையாள மாதம் பிறந்த அன்று பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "அம்மே, பாலின்றெ காசு!" என்பாள். இல்லை என்றால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு இன்னொரு முறை சொல்வாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் தள்ளிப்போட்டு அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன். ஏனென்றால் அவள் கேட்டாள்.

எனக்கு அந்த வாய் கிடையாது. நான் செய்த தொழிலுக்கோ அந்த வாய்தான் முதல் தேவை.

வலியசாலையில் கோவிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருந்தோம். என் கணவர் சாலைக் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். ஒரு மழை நாளில் கடையின் மரப்படியிலிருந்து சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. வைத்தியர்கள் மாறி மாறி எண்ணெய் போட்டார்கள். அவர் மறுபடி நிமிர்ந்து நடக்கவே இல்லை. கடைக்காரர் மூன்று மாதம் சம்பளம் கொடுத்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்லி என்ன? எங்களுக்குக் குழந்தையும் இல்லை, கைகொடுக்க மனிதரும் இல்லை.

அப்போதுதான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு வாத்தியாரம்மா தன் கைக்குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். ஒன்று இரண்டாகி, நாலாகி, உலகச் சண்டை தொடங்கிய வருஷத்தில் ஏழு குழந்தைகள் ஆயிற்று. காலை ஒன்பது மணிக்குக் கொண்டு வந்து விடுவார்கள், சாயங்காலம் அழைத்துப் போவார்கள். பாலும் மத்தியானச் சாதமும் என் பொறுப்பு. மாதம் இரண்டு ரூபாய் என்று பேச்சு. சர்க்கார் ரூபாய் ஒன்றுக்கு, சக்கரம் என்கிற செப்புக் காசு இருபத்தெட்டு இருந்த காலம் அது.

பேச்சு இரண்டு ரூபாய்தான். வந்ததோ பலாப்பழமும் வெள்ளரிக்காயும் சிரிப்பும். குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குக் காசா என்று தெருவில் பாதிப் பேர் நினைத்தார்கள். மீதிப் பேர் கொடுக்கலாம், ஆனால் இன்றைக்கே கொடுக்க வேண்டுமா என்று நினைத்தார்கள். தெருக்கோடி வக்கீல் வீட்டு அம்மாள் காதில் வைரம் மின்ன, "காசு எங்கே ஓடிப் போறது மாமி? நாளைக்குத் தரேன், கேட்டேளா?" என்பாள். நான் "அதுக்கென்ன" என்று பல்லைக் காட்டுவேன். உள்ளே போய்ப் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். படுத்துக்கிடக்கும் கணவர், "அந்தப் பாத்திரமா உனக்கு ரெண்டு ரூபாய் பாக்கி?" என்பார்.

இல்லாதவர்களைவிட இருப்பவர்கள்தான் இழுத்தடித்தார்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வாயால் கேட்க முடியாதவள் வேறு வழி பார்க்க வேண்டும் அல்லவா? பார்த்தேன். எங்கள் வீட்டில் அரிசி அளக்கிற பித்தளை நாழி ஒன்று இருந்தது. கனமான நாழி. காசு விழுந்தால் கணீரென்று கூடம் முழுக்கக் கேட்கும். மாதப் பிறப்பன்று காலையில் அதைத் துலக்கிக் கோலத்தின்மேல் வைத்தேன். பெற்றவர்கள் என்னிடம் காசு தர வேண்டாம், குழந்தையின் கையில் கொடுத்து அனுப்பட்டும், லக்ஷ்மி குழந்தை கையால் வந்தால் விசேஷம் என்று சொல்லிவிட்டேன். குழந்தைகள் வரிசையாக வந்து நாழியில் காசைப் போட வேண்டும். போட்ட குழந்தைக்கு ஒரு வெல்லக்கட்டி.

வெறுங்கையோடு வந்த குழந்தைக்கு வெல்லம் இல்லை.

அவ்வளவுதான் என் உபாயம். லக்ஷ்மியாவது விசேஷமாவது! வெல்லம் கிடைக்காத குழந்தை வீட்டுக்குப் போய் அழும். மற்றவர்கள் போட்டார்கள், நான் மட்டும் போடவில்லை என்று சொல்லி அழும். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு எந்தப் பெற்றவளும் நாலு நாள் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதோடு இன்னொரு விதியும் வைத்தேன். ஒவ்வொரு குழந்தையும் மத்தியானம் படுக்க வீட்டிலிருந்து ஒரு சின்னப் பாய் கொண்டு வந்து வைத்திருக்கும். மூன்று மாதம் நாழியில் காசு விழவில்லை என்றால், நாலாவது மாதப் பிறப்பன்று அந்தப் பாயைச் சுருட்டிக் குழந்தையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பாய் வீட்டுக்கு வந்தால் இனி அனுப்ப வேண்டாம் என்று அர்த்தம். குழந்தையைச் சேர்க்கும்போதே எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

வக்கீல் வீட்டுக்கு ஒரு தடவை பாய் போயிற்று. அன்று சாயங்காலமே ஆறு ரூபாயும் வந்து, பாயும் திரும்பி வந்தது. அந்த அம்மாள் ஒரு வாரம் என்னைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. "உன்னைப் போல வசூல் பண்ற ஆள் எங்க கடையிலேயே கிடையாது" என்றார் என் கணவர். நான் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தது. நாலு வயது. அதன் தாய்க்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. வாத்தியார் வேலைக்குப் படிக்க டிரெயினிங் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள். புருஷன் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவன் அனுப்பும் மணியார்டரில் இரண்டு பேரும் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அறையில் இருந்தார்கள். அவள் காசு கொடுக்கத் தவறியதே இல்லை. அந்தக் குழந்தைதான் எப்போதும் வரிசையில் முதலில் நிற்கும். அரை ரூபாய்க் காசுகள் நாலையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சத்தம் கேட்டு ரசிக்கும்.

மகர மாதப் பிறப்பன்று, அதாவது தை முதல் தேதி, அது வெறுங்கையோடு வந்தது. மணியார்டர் தாமதம் என்று நானே நினைத்துக்கொண்டேன். கும்பத்திலும் வெறுங்கை. அந்த மாதம் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்று சாலைக் கடைவீதி முழுக்கப் பேச்சு. என் கணவரைப் பார்க்க வந்த கடைக்காரர்கள் கட்டிலருகில் உட்கார்ந்து அதையே பேசினார்கள். நானும் கேட்டேன். அந்த விழுந்த ஊரில்தான் இந்தக் குழந்தையின் தகப்பன் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சாயங்காலம் அந்தப் பெண் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போவாள். உன் புருஷனிடமிருந்து தகவல் உண்டா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவள் கஷ்டத்தைச் சொல்வாள். சொன்னால் நான் இரண்டு ரூபாயை விட வேண்டிவரும். பால்காரியின் குரல் என் காதில் இருந்தது. அரிசி விலை ஏறிக்கொண்டே போயிற்று. நான் கேட்காமல் இருந்ததற்கு இதுதான் காரணம், வேறு சாக்கு எதுவும் இல்லை.

மீனத்தில் அந்தக் குழந்தை வரிசையின் கடைசிக்குப் போய்விட்டது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. மற்றக் குழந்தைகள் வெல்லத்தைக் கடிப்பதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வயதுக் குழந்தைக்குப் பார்க்காமல் இருக்கத் தெரியுமா? அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு கட்டி கொடுத்தால்தான் என்ன என்று என் கை போயிற்று. ஒன்றுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் அதே கதை என்று கையை இழுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. மேட மாதம், அதாவது சித்திரை, பிறந்தால் பாய் போக வேண்டும்.

மேடம் ஒன்றாம் தேதி விஷுப் பண்டிகை. அன்றைக்கு யாரும் வசூல் பண்ண மாட்டார்கள். பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கைநீட்டம் என்று காசு கொடுக்கிற நாள் அது. அதனால் விஷு மாதத்தில் மட்டும் நாழியை இரண்டாம் தேதிதான் வைப்பேன். விஷுவன்று குழந்தைகள் நல்ல துணி உடுத்து எங்கள் வீட்டுக்கு வந்து நமஸ்காரம் பண்ணும். நான் ஆளுக்கு ஒரு சக்கரம், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்து கொடுப்பேன். அந்த வருஷமும் கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கும் கொடுத்தேன். அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அதன் பாயை நான் அதற்கு முன்பே சுருட்டிக் கயிறு கட்டிக் கதவோரம் சாத்தியிருந்தேன். அது அந்தப் பாயையும் பார்த்தது.

மறுநாள் காலை நாழியை வைத்தேன். பெண்கள் பள்ளிக்கூடம் கோடை லீவுக்கு அடைத்துவிட்டதால் வாத்தியாரம்மாக்களின் குழந்தைகள் வரவில்லை. வந்தவை நாலே நாலு. அந்த மாத வரும்படி பாலுக்கே போதாது என்று நான் சிடுசிடுவென்று இருந்தேன். அந்தக் குழந்தை தனியாக நடந்து வந்தது. தாய் கூட வரவில்லை. வந்ததும் நேராக வரிசையின் முன்னால் போய் நின்றது.

வலது கையை இறுக மூடியிருந்தது. நாழியின்மேல் நீட்டித் திறந்தது. ஒரே ஒரு சத்தம். உள்ளே ஒரு சக்கரம். முந்தின நாள் நான் புளி போட்டுத் தேய்த்த சக்கரம். இரவெல்லாம் பிடித்துக்கொண்டே தூங்கியிருக்க வேண்டும், உள்ளங்கையில் வட்டமாகப் பச்சை படிந்திருந்தது. அந்தக் கையையே வெல்லத்துக்காக நீட்டியது.

எனக்கு என்ன ஆயிற்றோ, முதலில் வந்தது கோபம்தான். நாழிக்குள் கையை விட்டு அந்தச் சக்கரத்தை எடுத்தேன். "இது நான் தந்த காசாக்கும். உங்க அம்மா தந்தது எங்கே?" என்றேன்.

குழந்தை கொஞ்சம்கூட பயப்படவில்லை.

"நீங்க எனக்குத் தந்தேளே மாமி. அப்போ இது என்னோடதுதானே?"

நான் அந்தச் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதனுடைய காசுதான். தன்னுடையது என்று அதற்கு இருந்தது அது ஒன்றுதான். மூன்று மாதமாக நான் கற்றுக்கொடுத்த பாடத்தை அது சரியாகப் படித்திருந்தது. காசு போட்டால் பாய் இங்கே இருக்கும், போடாவிட்டால் இருக்காது. பெற்றவர்களிடம் கேட்க எனக்குக் கூச்சம் என்பதற்காக, அந்தக் கூச்சத்தை ஒரு நாலு வயதுக் குழந்தையின் தலையில் இறக்கி வைத்திருந்தேன். என் முகத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

உள்ளேயிருந்து என் கணவரின் குரல் வந்தது. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "நாழியை உள்ளே கொண்டு வந்து வை" என்றார்.

சக்கரத்தை மறுபடி நாழியில் போட்டேன். நாலு குழந்தைகளுக்கும் வெல்லம் கொடுத்தேன். வாசலுக்கு வந்து பார்த்தால், தெருத் திருப்பத்தில், மதில் ஓரமாக அந்தப் பெண் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை பாயோடு திரும்பி வருகிறதா என்று பார்க்க நிற்கிறாள். நான் போட்டது போட்டபடி அவளிடம் போனேன். அவள் அழுதிருந்தாள். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"அது என்னடீ?"

"டிரெயினிங் ஸ்கூலுக்குக் கடுதாசி மாமி. படிப்பை நிறுத்திக்கறேன்னு எழுதியிருக்கேன். குழந்தையை விட இடம் இல்லாம எப்படிப் போறது?"

"பரீட்சை எப்போ?"

"இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. இடவத்திலே."

அஞ்சு வாரம். இரண்டு வருஷப் படிப்பு, புருஷன் இருக்கிறானோ இல்லையோ தெரியாத நிலை, இனி இந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் சாதம் போடப் போவது அந்தப் பரீட்சை ஒன்றுதான். அதை நிறுத்தும் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. என் குணம் அது, அழ வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"ஏண்டீ, மூணு மாசமா தினமும் ரெண்டு வேளை என் வாசல்லே வந்து நிக்கறயே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மாமி. நாழிகிட்டே நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

அந்த வெயிலில் தெருவில் நின்றுகொண்டு நான் கேட்ட வார்த்தைகளில் அதைவிடச் சுருக்கென்று தைத்தது வேறு இல்லை. கடுதாசியை அவள் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன். பரீட்சை முடிகிற வரை குழந்தை என் வீட்டில் இருக்கட்டும், வேலை கிடைத்த பிறகு கொடு என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "சும்மா இல்லை. மகரத்திலேர்ந்து இடவம் வரைக்கும் பத்து ரூபாய். நான் கேப்பேன். நீ தரணும்" என்றேன். முதல் முறையாக என் வாயால், ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து, தொகையைச் சொல்லிக் கேட்டேன். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. தானமாகக் கொடுத்திருந்தால் அப்படித் தெளிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கயிற்றை அவிழ்த்துப் பாயை விரித்தேன். நாழி அன்றைக்கே அரிசிப் பானைக்குத் திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலையில் பால்காரி வந்து குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே நான் வாசலுக்குப் போய், இந்த மாதம் பாதிதான் தர முடியும், மீதிக்குப் பொறுக்க வேண்டும் என்று சொன்னேன். சண்டை பிடிப்பாள் என்றுதான் நினைத்தேன். "இது நேரத்தே பறஞ்ஞா போரே அம்மே?" என்றாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் போதாதா என்கிறாள். இத்தனை வருஷம் அவள் கத்தியதில் பாதி, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால்தான்.

எல்லாம் அதோடு சுகமாகிவிடவில்லை. அந்தக் குழந்தை ஒரு சக்கரம் போட்ட சேதி தெருவில் பரவிற்று. அடுத்த மாதப் பிறப்பன்று வக்கீல் வீட்டுப் பையன் கையில் ஒரு சக்கரத்தோடு வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். அந்த அம்மாள் சிரித்தாள். "அவளுக்கு ஒரு சக்கரம், எங்களுக்கு ரெண்டு ரூபாயா மாமி? செரி, நாளைக்குத் தரேன்."

"நாளைக்கு வேண்டாம். நான் நிக்கறேன்" என்றேன். பால்காரி மாதிரியே நின்றேன். இடுப்பில் கை வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கால் நாழிகை கழித்து இரண்டு ரூபாய் வந்தது. அந்த மாதம் முடிந்ததும் பையனை நிறுத்திவிட்டார்கள். இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் மாமிக்கு வாய் நீண்டுவிட்டது என்று குழந்தைகளை நிறுத்தினார்கள். அந்தக் கர்க்கடக மாதத்து அடைமழையில் நாங்கள் ஒரு வேளைக் கஞ்சியோடு இருந்தோம். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். வருத்தப்பட்டேன், நாழியை மறுபடி எடுக்கலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். எடுக்கவில்லை. மெல்ல மெல்ல வேறு குழந்தைகள் வந்தன. ஒவ்வொரு மாதப் பிறப்பன்றும் சாயங்காலம் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் பெரியவர்களிடம் நேராகக் கேட்டேன். கஷ்டம் என்றவர்களிடம் என்ன கஷ்டம் என்றும் கேட்டேன். கொடுக்க முடியாதவர் யார், கொடுக்க மனமில்லாதவர் யார் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெண் பரீட்சையில் தேறினாள். வித்துராவில், மலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. குழந்தையையும் அழைத்துக்கொண்டு போனாள். கடிதம் போடவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரர் வாடகைக்கு நெருக்கும்போது மட்டும் அந்தப் பத்து ரூபாய் ஞாபகம் வரும்.

தனு மாதத்தில், மார்கழிக் குளிரில், ஒரு நாள் இருவரும் வந்து நின்றார்கள். குழந்தை வளர்ந்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து தகவல் உண்டா என்று இந்தத் தடவை நான் முதலிலேயே கேட்டேன். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். பிறகு அவள் முந்தானையில் முடிந்திருந்த காசுகளை எடுத்துக் கூடத்தில் என் முன்னால் அடுக்கினாள். நான் எண்ணினேன். ஒன்பது ரூபாயும் இருபத்தேழு சக்கரமும் இருந்தது.

விட்டுவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனால் இவளிடம்தான் நான் கேட்கப் பழகியிருந்தேன்.

"ஒரு சக்கரம் குறையறதேடீ" என்றேன்.

அவள் குழந்தையைப் பார்த்தாள். குழந்தை என்னைப் பார்த்தது.

"அதை இவள் முன்னமே தந்துட்டாளே, மாமி."

கட்டிலில் கிடந்த என் கணவர் கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னார். படுத்தபடியே, அந்த மேடம் இரண்டாம் தேதிக்கு நேராக ஒரு சக்கரம் வரவு எழுதினார். அதன் பிறகு நான் ஒரு துண்டுக் காகிதத்தில், பாக்கி இல்லை என்று எழுதி, குழந்தையின் கையில் கொடுத்தேன்.